காலுவேக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 19, ஞாயிறு

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மகள் தாரணியின் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டினேன். பீன்யா தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருடம் தரக் கட்டுப்பாடு பார்த்த கை ஒட்டியது. ஒரு மாதமாவது தாங்க வேண்டும்.

வேலை போய்ப் பதினான்கு மாதம். மேனேஜர் உமேஷ் என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவன். "உங்க படிப்புக்கு இந்த வேல சின்னது சார்" என்று சிரித்துக்கொண்டேதான் கடிதத்தை நீட்டினான். எம்.எஸ்ஸி. படித்தது அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் போலும். மறக்க மாட்டேன்.

தாரணி படிக்கும் கமிட்டி ஸ்கூலில் இருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஏழாம் வகுப்பில் நூற்று முப்பத்து நான்கு பிள்ளைகள். உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இருப்பது இரண்டே அறை, எண்பது இடம். கட்டடத்தைப் பெரிதாக்குவதா, அல்லது எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இடம் என்று எல்லை வகுப்பதா என்று பேசப் பெற்றோர் கூட்டமாம். மனைவி சொர்ணம் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். எனக்கு ஒரு முறையே போதுமாக இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கூட்டம். காலை பத்து மணி என்றார்கள், பதினொன்றரைக்கு ஆரம்பித்தது.

கமிட்டிச் செயலாளர் கிருஷ்ணப்பா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கம்பத்தின் மேலிருந்து பேசுவதுபோல்தான் பேசுவார். மேலே நான்கு அறை கட்ட ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆகும் என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். பள்ளி, ராஜகாலுவே என்னும் பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டி நிற்கிறது. மண் இளகல். அஸ்திவாரத்திலேயே பாதிப் பணம் போய்விடுமாம்.

காலுவேக்கு இந்தப் பக்கம் எங்கள் லேஅவுட் குடியிருப்போர் சங்கத் தலைவர் சுந்தரமூர்த்தி எழுந்தார். "லேஅவுட் குடும்பம் ஒவ்வொண்ணும் ஒரு லட்சம் தரோம். எங்க பிள்ளைங்க சீட்ட மட்டும் உறுதி பண்ணிடுங்க."

என்னைக் கேட்காமல் என் சார்பில் ஒரு லட்சம். என் வேலை போனது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

"சீட்டு விக்கறதுக்கு இது தியேட்டர் இல்ல சார்," என்றார் கிருஷ்ணப்பா. "இந்த ஸ்கூல கட்னவங்க ஒவ்வொருத்தரும் ஒரு நாள் கூலி குடுத்துக் கட்னாங்க. கூலிக்குக் கூலி. அதுல பெரிய கூலி சின்னக் கூலி கெடையாது."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "இப்ப லட்சம் குடுப்பாங்க, அப்புறம் பசங்க வெளையாடற எடத்துல காரு நிறுத்தணும்பாங்க."

சிரிப்பு. பேசியது ஜானகி, கிருஷ்ணப்பாவின் மனைவி. குடும்பமே இப்படித்தான்.

முடிவு: முதலில் காலுவேக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோகுபாளையத்துப் பிள்ளைகள். மாநகராட்சிப் பதிவில் யாருடைய தெரு பாளையத்தில் இருக்கிறதோ அவர்கள். அதுவே எழுபத்தெட்டு. மீதி இரண்டு இடத்துக்கு எங்கள் ஐம்பத்தாறு பிள்ளைகளும் குலுக்கலில்.

பிப்ரவரி 3

ஐம்பத்தாறில் இரண்டு. இருபத்தெட்டில் ஒன்று. இதற்கா புள்ளியியல் படித்தேன்?

பிப்ரவரி 5

இதை எழுதி வைக்க வேண்டும். பள்ளி ஒன்று போனால் வேறொன்று என்று சொல்கிறவர்களுக்குப் பதிலாகவாவது.

தாரணிக்குத் திக்குவாய். நான்காம் வகுப்பில், அந்தக் கண்ணாடிக் கட்டடப் பள்ளியில், ஒரு ஆசிரியை தினமும் அவளை எழுப்பி ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தாள். பயிற்சியாம். முப்பது பிள்ளைகள் அவள் எத்தனை முறை திக்கினாள் என்று விரல்விட்டு எண்ணினார்கள். ஒரு நாள் தாரணி வாயை மூடினாள். ஏழு மாதம் திறக்கவில்லை. வீட்டிலும் பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவாள்.

கமிட்டி ஸ்கூலில் சேர்த்த முதல் மாதம், பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் இருந்த பெண் இவளுக்கும் சேர்த்து "உள்ளேன் டீச்சர்" சொன்னாளாம். யாரும் தடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டாம் மாதம் இவளே சொன்னாள். அந்தப் பெண் சங்கமித்ரா. கிருஷ்ணப்பாவின் மகள். வேறு யாருடைய மகளாகவாவது இருந்திருக்கக் கூடாதா?

இப்போது தாரணி பேசுகிறாள். திக்கித் திக்கி, சில நாள் எரிச்சலூட்டும் அளவுக்குப் பேசுகிறாள். அந்தப் பேச்சுதான் மே மாதம் இருபத்தெட்டில் ஒன்றாகக் குலுக்கப்படப் போகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வழி இருக்கிறது. நாங்கள் இருக்கும் மூன்று தெருவும் 2016 வரை ஜோகுபாளையம்தான். பழைய மின்சார பில், வீட்டுப் பத்திரம், சொர்ணத்தின் பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே மண், ஒரே சாக்கடை. லேக் வியூ லேஅவுட் என்பது வெறும் பெயர் மாற்றம். எந்த மாடியில் ஏறினாலும் ஏரி தெரியாது.

ஆறு பக்கம் எழுதினேன். நீண்ட நாளுக்குப் பிறகு கை ஓடியது. தலைமையாசிரியை மௌரீன் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார். பேர் மாத்தின உத்தரவோட நகல் ஒண்ணு வெச்சுக் குடுத்துடுங்க, கமிட்டிக்குப் போதும்" என்றார்.

உத்தரவின் நகல்.

பிப்ரவரி 12

இது எனக்கு நானே எழுதுவது. இங்கே மறைத்து என்ன பயன்? பெயரை மாற்றக் கேட்டு மனு எழுதியது நான். சுந்தரமூர்த்தி முதல் கையெழுத்து, நான் இரண்டாவது. ஆனால் ஒவ்வொரு வரியும் என்னுடையது. ஃபிளாட் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாளையம் என்று சொன்னால் வங்கிக்காரன்கூட முகத்தைச் சுளித்தான். சொந்தக்காரர்கள் "ஸ்லம் பக்கமா?" என்றார்கள். ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தில் கிருஷ்ணப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"பேர மாத்துங்க சார். காலுவே நாத்தம் பேரு கேட்டுட்டா வருது?"

அறை முழுவதும் சிரித்தது. ஒன்பது வருடமாக அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 20

நகல் கிடைத்தது. ஐந்து பக்கம். இரண்டு பக்கம் உத்தரவு, மூன்று பக்கம் இணைப்பு. இணைப்பு என் மனு.

பின்னைப் பிரித்தேன். முதல் இரண்டு பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். தரக் கட்டுப்பாட்டில் இதற்குப் பெயர் உண்டு. நானே இரண்டு பேரை இதற்காக வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் ஆறு பக்கத்தையும் மௌரீன் எல்லோருக்கும் சுருக்கிச் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். ஒரு ஆட்டோக்காரர், "ஆமா, அது நம்ம பாளையந்தானே, நான் அங்கதான் பட்டம் விட்டேன்" என்றுகூடச் சொன்னார். ஐந்து நிமிடம் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அப்போது கிருஷ்ணப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார், உத்தரவுல 'இணைப்பைப் பார்க்க'ன்னு இருக்குது. இணைப்பக் காணோமே."

"அலுவலகத்துல குடுக்கல," என்றேன்.

"பரவால்ல. எங்கிட்ட இருக்குது. ஒம்போது வருஷமா பத்திரமா இருக்குது." பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தாளை எடுத்தார். "எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். நீங்களே படிங்க. தமிழ்ல சொல்லுங்க சார், எல்லாருக்கும் புரியணும்."

சுந்தரமூர்த்தியைப் பார்த்தேன். அவர் தன் போனைப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல், "டிராஃப்ட் சார் பண்ணாரு, நான் சைன்தான் போட்டேன்" என்றார். சரி. இதையும் மறக்க மாட்டேன்.

படித்தேன். என்னுடைய ஆங்கிலத்தை நானே தமிழாக்கினேன். முதல் பக்கம் வரி, வடிகால், தெரு விளக்கு என்று போயிற்று. இரண்டாவது பக்கத்தில் அந்தப் பத்தி. "காலுவேக்கு அப்பால் கொஞ்சம் நெருக்கமாக வாழும் மக்கள்," என்றேன்.

மௌரீன் பக்கத்தில் நின்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தப்பான பாடத்தைத் திருத்தித்தான் பழக்கம். "சார், அப்படி இல்லையே. 'சுத்தமும் அடக்கமும் இல்லாத ஜனங்கள்'னு இருக்கு."

அதன் பிறகு எதையும் மாற்றவில்லை. "கல்வியிலோ பழக்கவழக்கத்திலோ அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவானது எதுவும் இல்லை. அவர்களுடைய முகவரியைச் சுமப்பது எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கும்." கடைசி வரி வரை படித்தேன். தேதி, கையெழுத்து, என் பெயர், பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி.

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஆட்டோக்காரர் எழுந்து வெளியே போனார். ஜானகி மட்டும், "எழுத்து நல்லா இருக்குது" என்றாள்.

வாசலில் தாரணியும் சங்கமித்ராவும் டீ டம்ளர் தட்டோடு நின்றிருந்தார்கள். எப்போதிலிருந்து நின்றார்கள் என்று தெரியவில்லை. தெரிகிறது. தட்டில் டீ ஆடை கட்டியிருந்தது.

மார்ச் 3

தாரணி பேசவில்லை.

மார்ச் 8

இதற்குத் திக்குவாய் காரணம் இல்லை, பழைய நோயும் இல்லை. சொர்ணத்திடம் பேசுகிறாள். பள்ளியில் பேசுகிறாளாம். மாடிப்படியில் ஏறும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருகிறாள், நான் கதவைத் திறந்ததும் நிற்கிறது. என்னிடம் மட்டும் இல்லை.

அந்த நான்காம் வகுப்பு ஆசிரியையைச் சபித்தேனே, எத்தனை வருடம் சபித்தேன். இப்போது நானும் அவளும் ஒரே வரிசை.

இந்த மூன்று வாரத்தில் எங்கெங்கோ வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு கோச்சிங் சென்டரில் மட்டும் கூப்பிட்டார்கள், வயதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். எதற்காகக் குளிக்கிறேன், எதற்காகச் சட்டையை இஸ்திரி போடுகிறேன்?

மார்ச் 11

தமிழ் எடுத்துப் படிக்க இடமுள்ள வேறொரு பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். அதைக்கூடத் தாங்கலாம். தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார்: "எங்க ஸ்கூல்ல தினமும் ஒரு பிள்ள அசெம்ப்ளில மைக் முன்னால நின்னு நியூஸ் படிக்கணும். யாருக்கும் விலக்கு கெடையாது. பயம் போயிடும் பாருங்க."

ஆயிரம் பிள்ளைகள் நிற்கும் மைதானம் அது. மைக் கம்பம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தேன்.

மார்ச் 14

சுந்தரமூர்த்தி கீழே பிடித்துக்கொண்டார். ஒன்றுமே நடக்காததுபோல். "பொய்யா ஒரு வாடக ஒப்பந்தம் போட்டுட்டா போச்சு. பாளையத்துல யாராவது கையெழுத்து போடுவான்." அவருக்கு என்ன. மகன் கிஷோரை ஏற்கெனவே ஏதோ இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்.

மௌரீனிடம் கேட்டேன். மார்ச் முடிவதற்குள் குடியிருக்க வேண்டும், ஒப்பந்தத் தாள் போதாது, கமிட்டி நேரில் வந்து பார்க்கும் என்றார். "அடுப்பு எரியுதா, துணி காயுதான்னு பார்ப்பாங்க சார். கிருஷ்ணப்பா லைன்மேன், மீட்டர் ஓடுதான்னும் பார்ப்பாரு."

சொர்ணத்திடம் சொன்னேன். சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப அடுப்பக் கொண்டுபோய் எரிப்போம்," என்றாள். "அந்தப் பக்கம் வீடு பாருங்க."

பங்குனி பிறக்கிறது. பங்குனியில் வீடு மாறக் கூடாது என்று ஒரு கட்டிலைக்கூட நகர்த்த விடமாட்டாள் சொர்ணம்.

"நானா? அங்கயா?" என்றேன்.

"நீங்கதான். நான் லேபுக்குப் போகணும், எனக்கு லீவு இல்ல." பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டும் வேலை அவளுக்கு. அந்தச் சம்பளத்தில்தான் நான் இஸ்திரி போடுகிறேன்.

மார்ச் 18

மூன்று வீடு. முதல் வீட்டில், "லேஅவுட் சாரா? வீடு சுத்தமா இருக்காதே" என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாடகைக்கு விடுவதில்லை என்றார். மூன்றாவது வீட்டில் ஆட்டோ நின்றிருந்தது. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 19

மூன்று.

மார்ச் 20

நான்கு. பெயர் சொல்வதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மார்ச் 22

பாலத்தருகே ஜானகி காய்கறிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்து போகப் பார்த்தேன்.

"இன்னா சார், தெரு தெருவா சுத்தறீங்களாமே."

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வீட்டுக்கு மேல ஒரு ரூமும் கிச்சனும் இருக்குது. தகர சீட்டுக் கூர, வெயில்ல காயும். தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஞாயித்துக்கெழம கறி வேகும், வாசன மேல வரும். மூஞ்ச சுளிச்சா அன்னிக்கே காலி பண்ணிடணும்."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவரு வேணாம்னாரு. ரெண்டு நாள் சண்ட. எம் பொண்ணு சோறு திங்க மாட்டேன்னுடுச்சு." கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்காக இல்ல சார். அந்தப் பொண்ணுக்காக. அதத் தெளிவா வெச்சுக்கங்க."

தெளிவாக வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 29, சனி

மாறியாயிற்று. நாளை யுகாதி. ஃபிளாட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுத் தரகரிடம் கொடுத்தேன். சுந்தரமூர்த்தி பால்கனியில் நின்று பார்த்தார், கையாட்டவில்லை. பீரோ படியில் ஏறவில்லை. கிருஷ்ணப்பா வந்து ஒரு வார்த்தை பேசாமல் கயிறு கட்டி, மாடி விளிம்பில் நின்று இழுத்தார். நான் கீழிருந்து தாங்கினேன். முழு நேரமும் எங்கள் இருவர் பேச்சும் "மேல", "நிறுத்து", "விடு" இவ்வளவுதான்.

பிறகு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

மார்ச் 31

கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அடுப்பில் சாம்பார் கொதித்தது. எழுதிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கறி வெந்தது. வாசனை வந்தது. தாரணி கீழேயே சாப்பிட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

தெரு முழுக்க நீலக் கொடி. காலையிலிருந்து மேளம், என் தலைக்குள்ளேயே அடிப்பதுபோல். தமிழ்ப் புத்தாண்டென்று சொர்ணம் பாயசம் வைத்தாள். கீழே ஒரு பாத்திரம் போயிற்று, அதே பாத்திரத்தில் கேசரி வந்தது.

ஊர்வலம் முடிந்து கமிட்டி உட்கார்ந்தது. ஒன்றரைக் கோடிக் கட்டடம் கிடையாது. மொட்டை மாடியில் சீட்டுக் கூரை போட்டு இரண்டு அறை, எடை குறைவு, சுவர் தாங்கும் என்று எஞ்சினியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த வருடமாவது லேஅவுட் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். செலவுக்கு, குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி. பழைய முறை.

என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "எனக்கு வேலை இல்லை. பதினேழு மாதமாக இல்லை."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

கிருஷ்ணப்பா நோட்டில் ஏதோ எழுதினார். நிமிரவில்லை. "கூலி இல்லன்னா ஒரு நாள் வேல செய்யுங்க. கட்டறதுக்கு அனுமதி கேட்டு ஒரு மனு எழுதணும். நல்லா எழுதுவீங்களே சார், எங்களுக்குத் தெரியும்."

இப்போது சிரித்தார்கள்.

ஏப்ரல் 16

காலையிலிருந்து மாலை வரை எழுதினேன். இரண்டு பக்கம்தான். நான்கு முறை கிழித்தேன். "ஜோகுபாளையத்தில் வசிக்கும் நாங்கள்" என்று தொடங்குவதற்கு மட்டும் இரண்டு மணி நேரம்.

கீழே கொண்டுபோனேன். கிருஷ்ணப்பா மறுபடி, "தமிழ்ல சொல்லுங்க" என்றார். சொன்னேன். இந்த முறை யாரும் பக்கத்தில் விரல் வைத்துப் பார்க்கவில்லை. முடித்ததும், "ரெண்டாவது பாரால காலுவேய பத்திச் சொல்லலியே, மழ வந்தா தண்ணி உள்ள வர்றது?" என்றார். அவர் சொன்னது சரி. எரிச்சலாக இருந்தது. சேர்த்தேன்.

சங்கமித்ரா கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எழுந்தபோது அவளுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால் தெரிந்தது. ஷூவின் அடிப்பாகம் மறுபடி விட்டுப்போயிருந்தது.

ஏப்ரல் 17

ஷூவை எடுத்து ஒட்டினேன். தடுக்கவில்லை.

மே 9

வெயில் கூரையைப் பிளக்கிறது. ஃபிளாட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தது. "ஜோகுபாளையத்துக்கு ரொம்பப் பக்கமா இருக்கே" என்று குறைத்துக் கேட்டார்கள். சரி என்றேன்.

மே 21

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். எண்பது பெயர். எழுபத்தொன்பதாவது தாரணி. பக்கத்தில் தெருப் பெயரும் போட்டிருக்கிறார்கள். பட்டியல் முன்னால் லேஅவுட்டிலிருந்து ஒரு அம்மாள் அழுதுகொண்டிருந்தார். அவர் பிள்ளை பெயர் குலுக்கலில் வரவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "நீங்க எழுதினதுதானே சார் எல்லாம்" என்றார். ஆமாம் என்றேன். ஒன்பது வருடத்தில் முதல் முறை மறுக்காமல் சொன்ன வார்த்தை. அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

சொர்ணம் வீட்டில் இரண்டாவது முறை காபி போட்டுக் கொடுத்தாள்.

தாரணி என்னிடம் பேசி எண்பது நாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. சாயங்காலம் அடையாள அட்டைக்கான படிவத்தைக் கொண்டுவந்தாள். தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். பெயர், வகுப்பு, ரத்த வகை. சொர்ணம் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவளைக் கேட்டிருக்கலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா. வி... வி... விலாசம் என்ன?"

இரண்டு மாதமாகக் குடியிருக்கும் விலாசம். கதவுக்கு வெளியே கிருஷ்ணப்பாவே பெயின்டில் எழுதியது. அவளுக்குத் தெரியாதா?

சொன்னேன்.

"கே... கேக்கல."

கீழே ஜானகி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

மறுபடி சொன்னேன், ஜோகுபாளையம் என்று.

எழுதிக்கொண்டாள்.